இணைப்பு அறுந்தால் கூலியையும் அறுப்பதா?

நம் தோழர்களின் பிள்ளைகள் பலர் இன்று வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்கி வேலை செய்கிறார்கள். திடீரென்று இணைப்பு கிடைக்காமல் போகிறது. "உன் வீட்டு நெட் சரியில்லை" என்கிறது நிர்வாகம். அந்த நேரத்துக்குச் சம்பளம் வெட்டு.

பழுது எங்கே என்று பார்ப்போம். ஆபீஸ் கம்ப்யூட்டர் தூக்க நிலைக்குப் போயிருந்தால் வெளி அழைப்பை ஏற்காது. அதில் விண்டோஸ் 'ஹோம்' பதிப்பு இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே விடவே விடாது. விபிஎன் அனுமதி காலாவதியாகியிருக்கலாம். 3389 என்ற வாசலை ஃபயர்வால் அடைத்திருக்கலாம். திருடனுக்கு அடைப்பது சரி, வேலைக்கு வருகிறவனுக்குமா? இத்தனைக்கும் சாவி நிர்வாகத்திடம்! வீட்டில் மற்ற இணையதளங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். திரையில் வந்த பிழைச் செய்தியை நேரத்தோடு படமெடுத்து, அப்போதே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

யந்திரம் பழுதாகி ஆலை நின்றால் 'லே-ஆப்' நஷ்டஈடாகப் பாதிச் சம்பளம் என்று பெரிய ஆலைகளுக்கு 1953-லேயே சட்டம் வந்தது. போர்ச்சுகலில் 2021-ல் செய்த சட்டம், வீட்டு வேலைக்கான கருவியையும் கூடுதல் மின்சார, இணையச் செலவையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. இங்கோ நெட் கட்டணமும் பிள்ளை தலையில், பழுதின் நஷ்டமும் பிள்ளை தலையில்!

இணைப்புக்காகக் காத்திருந்த நேரமும் வேலை நேரமே. சங்கத்தின் அடுத்த கோரிக்கை மனுவில் இது ஏற வேண்டும். எடுத்த படங்களையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.