அம்புக்குறியின் மேல் ஒரு நோயாளி

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்வயலும் வாழைத் தோட்டமும் திராட்சைப் பந்தலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. எலி மிகும் இடத்தில் பாம்பும் மிகும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில், மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் பாம்புக்கடியைச் சேர்த்தது. எண்ணிக்கையை அறிவது முதற்படி. கடிபட்டவரின் நேரத்தைக் காப்பது அதனினும் கடினமான பணி.

கண்ணாடி விரியன் கடித்ததோ என்று ஐயுற்றால் செய்யும் சோதனை மிக எளியது. 2 மில்லி லிட்டர் குருதியைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பர். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. நச்சுமுறிவு மருந்தை உடனே தொடங்க வேண்டும். உறைந்திருந்தாலும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட இயலாது. முதல் மூன்று மணி நேரம், மணிக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்தல் வேண்டும். மருந்து கொடுத்தவருக்கோ ஆறு மணி நேரம் கழித்தே மறுசோதனை. குருதி உறைவதற்கு வேண்டிய பொருள்களைக் கல்லீரல் மீண்டும் ஆக்கிக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகும். சோதனை ஒன்றுதான், காலக்கணக்கு மூன்று.

இத்தகைய கணக்கைப் படமாக வரைந்து, கணினியைக்கொண்டு கண்காணிப்பதற்கு உதவுவதே பணிப்பாய்வு மென்பொருள். 2004இல் வெளிவந்த பி.பி.எம்.என். என்னும் குறியீட்டு முறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அதில் வேலைக்கு முனை மழுங்கிய செவ்வகம். முடிவெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம். காலத்துக்குக் கடிகாரம் பொறித்த வட்டம். அவ்வட்டத்தைச் செவ்வகத்தின் விளிம்பில் இருவகையாக ஒட்டலாம். ஒருவகை, குறித்த நேரம் முடிந்ததும் வேலையை நிறுத்தி வேறுவழியில் திருப்பும். மற்றொன்று, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவரை அழைக்கும். பாம்புக்கடி மருத்துவத்துக்குப் பெரும்பாலும் பின்னதே பொருந்தும். மருந்து ஏறிக்கொண்டிருக்கையில் நேரம் கடந்ததென்று அதனை நிறுத்துவார் உண்டோ?

அனுபவம் முதிர்ந்த செவிலியருக்குப் படம் எதற்கு என்று கேட்போர் உளர். அவருக்குத் தெரியும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மாலை ஆறு மணிக்கு மருந்து ஏற்றி முடித்தவருக்கு மறுசோதனை நள்ளிரவில் வரும். அதற்குள் பணிமுறை மாறி, அந்த வார்டில் வேறொருவர் நிற்பார். நினைவூட்டல் அங்கேதான் தேவைப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மணியடிக்கும் மென்பொருளை நான் பரிந்துரைக்கமாட்டேன். சில நாள்களில் எவரும் அதனைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இனி, கடிகாரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் காண்போம். பதிவுச்சீட்டு அச்சாகும் நொடியிலிருந்து நேரத்தை எண்ணுவது கணினிக்கு எளிது. நஞ்சோ கடித்த நொடியிலிருந்தே தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் கடிபட்ட தொழிலாளி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சின்னமனூருக்கு இறங்கும் நேரமும் அவருடைய நேரமே. ஆதலால் படிவத்தின் முதல் கட்டம் ‘கடித்த நேரம்’ என்று இருத்தல் வேண்டும். கட்டுவிரியன் இங்கே ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. இரவில் தரையில் உறங்குபவரை அது கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடியற்காலையில் இமைகள் சரிந்து, மூச்சுத் திணறும்போதே வீட்டார் பதறுவர். எப்போது கடித்தது என்று எவரால் சொல்ல முடியும்? ‘தெரியவில்லை’ என்னும் விடையை மென்பொருள் ஏற்க வேண்டும். அதை ஏற்காத படிவம், அவசரத்தில் இருப்பவரைப் பொய்யான நேரத்தை எழுதவைக்கும். அதன்பின் வரும் கணக்கு முழுதும் பிழையாகும்.

இதனினும் பெரிய குறையொன்று உண்டு. கம்பத்திலிருந்து தேனி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ள கானாவிலக்கு அதற்கும் அப்பால், ஆண்டிபட்டிச் சாலையில் உள்ளது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனித்தனியே படம் வரைந்தால், ஒன்றின் படம் ‘அனுப்பப்பட்டார்’ என்று முடியும். மற்றதன் படம் ‘சேர்க்கப்பட்டார்’ என்று தொடங்கும். இடையில் இருப்பது ஓர் அம்புக்குறி மட்டுமே. நோயாளியோ ஒரு மணி நேரம் அந்த அம்புக்குறியின் மேல்தான் படுத்திருக்கிறார்.

இரு மருத்துவமனைகளையும் 108 ஊர்தியையும் ஒரே படத்தில் வரைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நஞ்சேறியது தெளிவானால், முதல் மருந்து அம்புக்குறிக்கு முன்னரே கொடுக்கப்பட வேண்டும். எத்தனை குப்பி ஏற்றப்பட்டது, எப்போது முடிந்தது, அடுத்த சோதனை எப்போது என்னும் செய்திகள் நோயாளிக்கு முன்னதாகக் கானாவிலக்கைச் சென்றடைய வேண்டும். அப்படத்தை வரையும் மேசையில் மருத்துவருடனும் மென்பொருளாளருடனும் செவிலியரும் ஊர்தி ஓட்டுநரும் அமர்தல் வேண்டும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வீரபாண்டியைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பது அந்த ஓட்டுநருக்குத்தான் தெரியும்.