கார்டு மோசடி: நஷ்டம் யார் தலையில்?

நாம் வாங்காத பொருளுக்கு கிரெடிட் கார்டு பில் வந்தால், "எல்லாம் நம் நேரம்" என்று கட்டிவிட வேண்டியதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை நண்பர்களே. சட்டம் நம் பக்கமும் கொஞ்சம் நிற்கிறது. கொஞ்சம்தான் நிற்கிறது என்பதுதான் என் வருத்தம்.

நம் நாட்டில் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் போதும், ஒரு பைசா இழப்பு கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்கள் ஆகிவிட்டால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அது வங்கியிடமே கொடுத்தது.

நல்ல விதிதான். ஆனால் ஓடிபியைச் சொல்லிவிட்டால் அது வாடிக்கையாளரின் கவனக்குறைவு. புகார் செய்யும் வரை போனதெல்லாம் அவர் கணக்கில்தான். வங்கி அதிகாரி போலவே பேசுகிறவனிடம் ஏமாந்த பென்ஷன்காரரும், பின் நம்பரைக் கார்டின் மேலேயே எழுதி வைத்தவரும் ஒன்றா?

அமெரிக்காவைப் பாருங்கள். திருட்டுக் கார்டில் யாரோ செலவு செய்தால், கார்டுக்காரர் கட்ட வேண்டியது அதிகபட்சம் 50 டாலர் என்று 1970-லேயே சட்டம் போட்டார்கள். 1974-ல் வந்த சட்டம் பில் தவறுகளையும் கவனித்தது. முதல் பில் அனுப்பிய 60 நாட்களுக்குள் எழுதிக் கேட்டால், விசாரணை முடியும் வரை அந்தத் தொகையைக் கட்டச் சொல்லி வசூலிக்க முடியாது.

வணிகவியல் படிக்கிற எனக்கு இது எளிய கணக்காகத் தெரிகிறது. யாரால் மோசடியைத் தடுக்க முடியுமோ, நஷ்டம் அவர் தலையில் விழ வேண்டும். ஒருவர் எங்கே, எவ்வளவு செலவு செய்வார் என்பது வங்கிக்குத் தெரியும். நள்ளிரவில் அடுத்தடுத்து பெரிய தொகை போனால் நிறுத்தி வைக்க வங்கியால்தான் முடியும். நஷ்டம் தன்னுடையது என்றால்தான் பூட்டைப் பலப்படுத்தும்.

"அப்படியானால் மக்கள் அலட்சியமாகி விடுவார்களே" என்று கேட்கலாம். நியாயம்தான். அதற்காக ஒரு சிறு தொகையை வாடிக்கையாளர் ஏற்கட்டும். வாழ்நாள் சேமிப்பையே ஏற்கச் சொல்வது தண்டனை.

விதி மாறும் வரை நாம் செய்யக்கூடியது இதுதான்: எஸ்எம்எஸ் வந்தவுடன் படியுங்கள், அன்றே புகார் செய்யுங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். 30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.