நின்றுபோன ஃபிலிமுக்கு மாற்று எது?

பி.காம் படிக்கிற எனக்கும் கறுப்பு-வெள்ளை ஃபிலிமுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பொருளாதாரப் பாடத்தில் ஆரம்பத்திலேயே "பதிலீட்டுப் பண்டம்" என்று ஒன்று வரும். காபி விலை ஏறினால் ஆட்கள் டீக்கு மாறுவார்கள் என்பது உதாரணம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் விலை ஏறாமல், காபியே ஒரு நாள் உலகத்தில் இல்லாமல் போய்விட்டால்? அப்போது "எது மாற்று?" என்பதற்கு என்ன பதில்? பாடப்புத்தகம் இதைக் கேட்பதில்லை. நுண்ணிய கிரெய்ன் உள்ள ஃபிலிமை விரும்புகிறவர்கள் இருபது வருடத்துக்கு மேலாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் கிரெய்ன் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஃபிலிமின் மேல் ஜெலட்டினில் வெள்ளி உப்பின் படிகங்கள் கலந்திருக்கும். படிகம் பெரிதாக இருந்தால் கொஞ்சம் வெளிச்சத்திலேயே படம் விழும், ஆனால் பெரிய பிரிண்ட் போட்டால் மணல் தூவினது மாதிரி புள்ளிகள் தெரியும். படிகம் சிறிதாக இருந்தால் நிறைய வெளிச்சம் கேட்கும், ஆனால் பிரிண்ட் வழவழவென்று இருக்கும். ஐ.எஸ்.ஓ. 25, 32 என்று வேகம் குறைந்த ஃபிலிம்களை ஆட்கள் தேடியது இதற்காகத்தான்.

அந்த வகை ஃபிலிம்கள் ஒவ்வொன்றாகப் போயின. கோடாக்கின் பானடாமிக்-எக்ஸ் (ஐ.எஸ்.ஓ. 32) 1980களின் கடைசியில் நின்றது. ஆக்ஃபாவின் ஏபிஎக்ஸ் 25, புது நூற்றாண்டு பிறக்கிற சமயத்தில் நின்றது. 2005ல் ஆக்ஃபாஃபோட்டோ நிறுவனமே திவாலானது. எல்லாரும் பெருமூச்சு விட்டுப் பேசுகிற கோடாக் டெக்னிக்கல் பான் 2004ல் முடிந்தது. "சரி, எஃப்கே 25 இருக்கிறதே" என்று ஆறுதல் பட்டவர்களுக்கு, குரோஷியாவில் அதைத் தயாரித்த ஃபோட்டோகெமிகா 2012ல் உற்பத்தியை நிறுத்தியது. மாற்றாக வந்ததற்கும் மாற்று தேட வேண்டிய நிலைமை!

என் கட்சி இதுதான்: "டெக்னிக்கல் பானுக்கு மாற்று எது?" என்ற கேள்வியே தப்பாகக் கேட்கப்படுகிறது. 1966ல் கெல்வின் லங்காஸ்டர் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கருத்தைச் சொன்னார். நுகர்வோர் விரும்புவது பொருளை அல்ல, அந்தப் பொருளில் இருக்கும் குணங்களைத்தான். ஒரு பொருள் என்பது பல குணங்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. இதை ஃபிலிமுக்குப் போட்டுப் பாருங்கள், பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

டெக்னிக்கல் பான் அப்படி ஒரு மூட்டை. கிரெய்ன் மிக நுண்மை. ஒரு டெவலப்பரில் போட்டால் பளிச்சென்ற கறுப்பும் வெள்ளையும் மட்டும் வரும், இன்னொன்றில் போட்டால் சாதாரணப் படம் மாதிரி சாம்பல் நிறங்களும் வரும். சிவப்பு ஒளியில் சுமார் 690 நானோமீட்டர் வரைக்கும் உணரும். ஒரே டப்பாவில் இத்தனையும் இருந்ததால், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத ஆட்கள் அதை வாங்கினார்கள்.

வானியல்காரர்கள் வாங்கினார்கள். ஹைட்ரஜன் மேகங்கள் 656 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்வதால் அவர்களுக்கு இது பொருந்தியது. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள யு.கே. ஷ்மிட் தொலைநோக்கியில் தென்வானத்தை இந்த ஒளியில் ஆய்வு செய்தது டெக்னிக்கல் பானில்தான். ஆவணங்களையும் வரைபடங்களையும் நகல் எடுப்பவர்கள் வாங்கினார்கள். சின்னக் கேமராவில் எடுத்துச் சுவர் அளவுக்குப் பிரிண்ட் போட ஆசைப்பட்டவர்களும் வாங்கினார்கள்.

இப்போது மாற்று எது? வானியல்காரருக்கு மாற்று இன்னொரு ஃபிலிம் இல்லை, சி.சி.டி. சென்சார். அவர் ஏற்கெனவே போய்விட்டார், திரும்பி வரமாட்டார். நகல் எடுப்பவருக்கு ஸ்கேனர். மிச்சம் இருப்பது பிரிண்ட் போடுகிறவர் மட்டும். அவருக்கும் மூட்டை முழுவதும் தேவையில்லை. தனக்கு வேண்டிய குணம் எது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

நுண்ணிய கிரெய்ன்தான் வேண்டும் என்றால் கோடாக் டி-மேக்ஸ் 100, இல்ஃபோர்டு டெல்டா 100 இரண்டையும் முதலில் பாருங்கள். டி-மேக்ஸ் 1986ல் வந்தது. இவற்றில் படிகங்கள் தட்டையான தகடு மாதிரி இருக்கும். அகலப் பக்கம் ஒளியைப் பார்த்து இருப்பதால், குறைந்த வெள்ளியிலேயே அதிக ஒளியைப் பிடிக்கும். ஐ.எஸ்.ஓ. 100 வேகத்தில், பழைய மெதுவான ஃபிலிம்களுக்குப் பக்கத்தில் வரும் நுண்மை கிடைக்கிறது. பழைய ரகப் படிகமே வேண்டும் என்பவர்களுக்கு இல்ஃபோர்டு பான் எஃப் பிளஸ் (ஐ.எஸ்.ஓ. 50) இருக்கிறது. ஒரே எச்சரிக்கை, எடுத்த ரோலை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். பதிந்த படம் மங்கத் தொடங்கும். சீக்கிரம் டெவலப் செய்துவிடுங்கள். சிவப்பு உணர்வு வேண்டும் என்றால் ஆக்ஃபாவின் வான்வழி ஃபிலிமிலிருந்து வந்த ரோலை ரெட்ரோ 80எஸ் பக்கம் போகலாம்.

"இல்லை, எனக்கு டெக்னிக்கல் பான் மாதிரியேதான் வேண்டும்" என்பவர்களுக்காக ஆடாக்ஸ் சி.எம்.எஸ். 20, ரோலை ஏ.டி.பி. என்று ஆவண வகை ஃபிலிம்கள் வந்தன. நுண்மை அபாரம். ஆனால் அவற்றுக்கென்றே தனி டெவலப்பர் வேண்டும், சாதாரண டெவலப்பரில் போட்டால் நடுச் சாம்பல்கள் போய்விடும். டெக்னிக்கல் பானோடு டெக்னிடால் என்ற அதன் டெவலப்பரும் போனது நினைவிருக்கட்டும். இந்த வழியில் போகிறவர்கள் ஒரு கம்பெனியின் இரண்டு பொருட்களை நம்பி இருக்கிறார்கள். நல்ல வேளையாக, டெவலப்பருக்கு வீட்டு வைத்தியம் உண்டு. போட்டா என்ற பழைய சூத்திரம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சோடியம் சல்ஃபைட், 1.5 கிராம் ஃபெனிடோன், அவ்வளவுதான். அப்போதைக்கப்போது கலக்கி உடனே பயன்படுத்த வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுவிடுகிறேன், காமர்ஸ் புத்தி விடமாட்டேன் என்கிறது. படத்தின் கூர்மை ஃபிலிமால் மட்டும் வருவதில்லை, லென்ஸும் சேர்ந்துதான். தோராயமான சூத்திரம் ஒன்று உண்டு: இரண்டின் தலைகீழ் எண்களைக் கூட்டினால் படத்தினுடைய கூர்மையின் தலைகீழ் எண் வரும். லென்ஸ் மில்லிமீட்டருக்கு 80 கோடுகள், ஃபிலிம் 100 என்று வையுங்கள். படத்தில் 44 வரும். ஃபிலிமை மட்டும் 300 ஆக்குங்கள். 63தான் வருகிறது. ஃபிலிமை மூன்று மடங்கு உயர்த்தியும் படம் ஒன்றரை மடங்குகூட உயரவில்லை. அதிலும் கை ஆடினால் எல்லாம் போச்சு. ஆகவே அரிய ஃபிலிமுக்குக் கொட்டும் பணத்தை முதலில் ஒரு நல்ல ட்ரைபாடில் போடுவதே லாபம்.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் பரப்பு 24×36, அதாவது 864 சதுர மில்லிமீட்டர். 120 ரோலில் சதுரப் படம் 56×56, அதாவது 3136. மூன்றரை மடங்குக்கும் மேல். 16 அங்குலச் சதுரப் பிரிண்ட் போட 120 நெகடிவை 7 மடங்கு பெரிதாக்கினால் போதும், 35 மி.மீ. நெகடிவை 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். கடையில் கிடைக்கிற சாதாரண ஐ.எஸ்.ஓ. 100 ரோலை ஒரு பழைய இரட்டை லென்ஸ் கேமராவில் போட்டால், மறைந்துபோன ஐ.எஸ்.ஓ. 25 ஃபிலிமைத் தேடி அலைய வேண்டிய அவசியமே பலருக்கு இருக்காது. ஃபிலிமுக்கு மாற்று சில சமயம் கேமராவிலேயே இருக்கிறது.

இனி சர்ச்சைக்குரிய விஷயத்துக்கு வருகிறேன். காலாவதியான டெக்னிக்கல் பானை அதிக விலை கொடுத்து வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கி வைப்பவர்கள் உண்டு. மெதுவான ஃபிலிம் குளிரில் நன்றாகத் தாங்கும் என்பது உண்மைதான். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆசை யாரை விட்டது? ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பழைய சரக்கு வைத்திருப்பவருக்குப் போகிறது. ஃபிலிம் செய்கிற தொழிற்சாலைக்கு ஒரு பைசாகூடப் போவதில்லை.

ஃபிலிம் தொழிற்சாலை சின்ன அளவில் ஓடாது. அகலமான பெரிய சுருளில் பூச வேண்டும், நாலு பேர் கேட்டார்கள் என்று நாலு ரோல் பூச முடியாது. நிலையான செலவு அதிகம் உள்ள தொழிலில் விற்பனை குறைந்தால் ஒரு ரோலின் செலவு ஏறும், ஒரு கட்டத்தில் அந்த ரகமே போய்விடும். 2004 ஆகஸ்டில் இல்ஃபோர்டின் இங்கிலாந்துப் பிரிவு கடன்காரர்களின் நிர்வாகத்துக்குப் போனது. 2005ல் அதன் மேலாளர்களே வாங்கி ஹார்மன் டெக்னாலஜியாக நடத்தியதால்தான் பான் எஃப் இன்றும் இருக்கிறது. ஃபியூஜியின் அக்ராஸ் 100 கதையும் அப்படியே. 2018ல் நிறுத்துவதாக அறிவித்தார்கள். ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள். கிடைக்காமல் போன மூலப்பொருட்களுக்கு மாற்று கண்டுபிடித்து, 2019ல் அக்ராஸ் II ஆகத் திரும்பி வந்தது. அதன் டப்பாவில் இங்கிலாந்தில் தயாரித்தது என்று போட்டிருக்கிறது.

"ஸ்டூடண்ட் பாக்கெட் மணியில் ரோலும் கெமிக்கலும் வாங்குவது சுலபமா?" என்று கேட்டால், சுலபமில்லை. ஒவ்வொரு வருடமும் விலை ஏறுவதும் எரிச்சல்தான். ஆனால் விலை ஏறின ஃபிலிமை மாதம் ஒரு ரோலாவது வாங்கலாம். நின்றுபோன ஃபிலிமை எந்த விலைக்கும் புதிதாக வாங்க முடியாது.

இது வெளிநாட்டுக் கதை மட்டும் இல்லை. நம் ஊட்டியிலேயே இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1967ல் உற்பத்தி தொடங்கி "இந்து" என்ற பெயரில் ஃபிலிம் செய்த மத்திய அரசு நிறுவனம். கடனில் மூழ்கி நலிந்து, கடைசியில் மூடப்பட்டது. பின்னால் அரசாங்கமே நின்ற தொழிற்சாலையின் கதி அது. பழசை நினைத்து நாம் விடுகிற பெருமூச்சு எந்தத் தொழிற்சாலையையும் காப்பாற்றப் போவதில்லை.

ஆகவே நண்பர்களே, போன ஃபிலிமின் இரட்டைப் பிறவியைத் தேடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய குணம் எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இன்று பூசப்படுகிற ஃபிலிம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர் என்று ஒரு வருடம் அதிலேயே எடுத்துப் பழகுங்கள். அடுத்து நிற்கப்போகிற ஃபிலிம் எது என்பதை, நாம் இன்று எதை வாங்காமல் விடுகிறோம் என்பதுதான் தீர்மானிக்கும்.