பெட்டியில் எந்த ஊர்ப் பெயர்?

டாட்டா டீ கம்பெனி 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனின் டெட்லி கம்பெனியை 27 கோடியே 10 லட்சம் பவுனுக்கு வாங்கியது. அப்போது மூணாறு மலையில் தோட்டம் நடத்திவந்த கம்பெனி, 1837-இல் வெள்ளைக்காரர் தொடங்கிய வியாபாரத்தை விலைக்கு வாங்கியதில் நமக்கும் பெருமைதான். ஆனால் பெட்டியின் மீது டெட்லி என்ற பெயர் அப்படியே இருக்கிறது. லண்டன் வீட்டுக்காரி பழகிய பெயரைத்தான் நம்பி வாங்குவாள் என்பது கணக்கு. 2008-இல் ஜாகுவார் காரை வாங்கியபோதும் டாட்டா குழுமம் இதையே செய்தது. வியாபாரத்தில் இது குற்றமல்ல. அதே குழுமம் இங்கே கண்ணன் தேவன் என்று மலையின் பெயரையே பொட்டலத்தில் போட்டுத் தேயிலை விற்கிறது. பெயர் விலை கூட்டும் இடத்தில் ஊர் வெளியே வரும். குறைக்கும் என்ற பயம் இருந்தால் உள்ளே போய்விடும்!

ஏலக்காயின் கதை இதைவிட விசித்திரம். வண்டன்மேட்டிலும் குமுளியிலும் விளைகிறது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போகும் நம் பெண்கள் பறிக்கிறார்கள். போடியிலும் புற்றடியிலும் ஏலம் போகிறது. வெளிநாட்டில் அதன் பெயரோ 'ஆலப்பி கிரீன்'. ஆலப்புழையில் கடல் உண்டு, காயல் உண்டு. ஏலத் தோட்டம் ஏது? கப்பலேறிய துறைமுகத்தின் பெயர் சரக்கில் ஒட்டிக்கொண்டது. புவிசார் குறியீடும் அந்தப் பெயரிலேயே வாங்கப்பட்டுவிட்டது. குவாதமாலா நாட்டுக் காய் மலிவாக அரபு நாடுகளில் வந்து குவிகிறது. அதனோடு விலையில் மல்லுக்கட்ட முடியாது. மணத்தையும் மலையையும் சொல்லித்தான் விற்க வேண்டும். அந்த மலையின் பெயர்தான் பையில் இல்லை.

மறையூர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய உண்டைச் சர்க்கரைக்கு (மலையாளத்தில் சர்க்கரை என்றால் நம் வெல்லம்தான்) 2019-இல் ஊர்ப் பெயரிலேயே குறியீடு கிடைத்தது. வேறு வெல்லத்தை மறையூர் என்று சொல்லி விற்பவரை இனிச் சட்டப்படி கேட்கலாம். பாலக்காடன் மட்டா அரிசிக்கும் இந்தக் காவல் உண்டு. டெட்லியின் பெயரைக் காக்கப் பெரிய கம்பெனியின் பணமும் வக்கீலும் இருக்கிறார்கள். சிறு விவசாயிக்கு ஊர்ப் பெயர்தான் மார்க்கு.

கொச்சியில் இருக்கும் நறுமணப் பொருள் வாரியம் ஒன்று செய்யலாம். பழைய பெயரை எடுக்க வேண்டாம். வாங்குவோருக்கு அது பழகிவிட்டது. அதன் கீழே இடுக்கி மலை என்றும், விளைந்த ஊர் எது என்றும் ஏற்றுமதிப் பையில் அச்சிடச் சொல்லட்டும். அதனால் கூடுதல் விலை கிடைத்தால், தோட்டக்காரரோடு ஜீப்பில் வந்து பறிப்பவளின் கூலியிலும் அது சேர வேண்டும் என்று நாம் இப்போதே கேட்டு வைப்போம்.