கோயில் இருக்கிறது, மொழி எங்கே?



நம் சங்கத்தின் பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. அன்று வரவிருக்கும் தீர்மானங்களில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிடலாம் என்பது. வகுப்புக்கு 11 பிள்ளைகள்தான் வருகிறார்கள். ஆசிரியைக்கு மதிப்பூதியம், மின்சாரம் என்று செலவாகிறது. அந்த அறையை விசேஷங்களுக்கு வாடகைக்கு விட்டால் சங்கத்துக்கு வருமானம் வரும் என்கிறார்கள். கணக்கு சரியான கணக்குதான். மூன்று மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன். இடையில் ஒரு பயணம் போய்வந்தேன். இப்போது தூக்க மாட்டேன். ஏன் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் 1978இல் வேலைக்காக டெல்லிக்கு வந்தவன். ஓய்வு பெற்ற நாளிலிருந்தே, கிழக்கே இருக்கும் நாடுகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். சென்ற மார்கழியில் கிளம்பினோம். தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் என்று ஐந்து நாடுகள், 26 நாள்கள். ஊர் பார்க்கத்தான் போனேன். ஆராய்ச்சி எதுவும் மனத்தில் இல்லை. ஆனால் போன இடமெல்லாம் ஒரே கேள்வி வந்து எதிரில் நின்றது.

முதலில் பாங்காக். அங்கே சிலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்து மக்கள் பூமாலையும் இளநீரும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். நம் ஊர்க் கோபுரம், நம் ஊர்ச் சிலைகள். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் நாள் மாலை, அங்கே வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் எங்களை வேறோர் இடத்துக்கு அழைத்துப் போனார். நகரின் பழைய பகுதியில், செந்நிறத்தில் ஒரு பிரம்மாண்டமான ஊஞ்சல் கால் நிற்கிறது. பக்கத்திலேயே 1784இல் கட்டப்பட்ட பிராமணர் கோயில். அரச குடும்பத்துச் சடங்குகளைச் செய்துவைக்கும் பரம்பரையினர் அங்கே இருக்கிறார்கள். வெள்ளை உடை, கொண்டை. மார்கழி - தை ஒட்டி அவர்கள் நடத்தும் விழாவுக்குத் 'திரியம்பாவாய்', 'திரிபாவாய்' என்று பெயர். பெயரைக் கேட்டவுடனே உங்களுக்குப் புரிந்திருக்கும். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935க்குப் பிறகு நடப்பதில்லை. பாடல் ஓதுவது மட்டும் இன்றும் நடக்கிறது.

அன்றைக்கு அவர்கள் ஓதியதை நாங்கள் கேட்டோம். சிறுவயதில் அம்மாவோடு விடியற்காலையில் எழுந்து பாடிய பாட்டு எனக்கு. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல் பிடிபடவில்லை. ஏதோ ராகத்தில் ஏதோ ஒலி. ஓதுகிறவர்களுக்கும் அதன் பொருள் தெரியாது என்றார் நண்பர். தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். மரியாதைக்குக் கொஞ்சமும் குறைவில்லை. ஆனால் வெறும் மரியாதையால் ஒலியைத்தான் காப்பாற்ற முடிந்திருக்கிறது. மொழியைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்து வியட்நாமில் ஹோ சி மின் நகரம், அதாவது பழைய சைகோன். சந்தைக்கு அருகில் அங்கேயும் ஒரு மாரியம்மன். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து போனவர்களும் வட்டிக்கடை வைத்திருந்த செட்டிநாட்டாரும் அந்த நகரில் நிறைய இருந்தார்கள். 1975க்குப் பிறகு பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். கோயிலை விடவில்லை வியட்நாமியர்கள். ஊதுபத்தி ஏற்றி, கருங்கல் சுவரில் நெற்றியை அழுத்தி அம்மனிடம் ரகசியமாக ஏதோ கேட்கிறார்கள். அம்மனுக்கு இப்போது வியட்நாமிய மொழி நன்றாகப் புரியும் போலிருக்கிறது!

வெளியே ஒரு பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். அப்பா காரைக்கால்காரர், அம்மா வியட்நாமியர் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். தமிழ் தெரியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சோறு... தண்ணி... போதும்" என்றார். அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஞாபகம் மட்டும் மூன்று சொல்லாக மிஞ்சியிருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்து கோலாலம்பூரில் விமானம் மாறி, இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் போனோம். சுமத்ராவில் தமிழுக்கு எவ்வளவு பழைய உறவு தெரியுமா? பாருஸ் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டிவைத்தது. மேடானை அடுத்த மலைநாட்டில் காரோ மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் செம்பிரிங் என்ற குலத்துக்குள் சோலியா, பாண்டியா, மெலியாலா, பிரமானா என்று உட்பிரிவுகள். சோழர், பாண்டியர், மலையாளம் என்ற பெயர்களின் நிழல்தான் இவை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பெயர் ஆயிரம் ஆண்டு நிற்கிறது. அதைச் சுமக்கிறவருக்கு அதன் பொருள் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

அது பழங்கதை. புதிய கதையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் டெலிப் பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் பிள்ளைகள் இன்றும் மேடானில் இருக்கிறார்கள். 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் அவர்களுடையது. நாங்கள் போன அன்று ஒரு பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் தேவாரம் பாடினார்கள். உச்சரிப்பு பரவாயில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கையில் இருந்த தாளில் எல்லாமே ரோமன் எழுத்தில்! பாடி முடித்ததும் அவர்கள் தமக்குள் இந்தோனேசிய மொழியில் பேசிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் பேரன் பொங்கல் வாழ்த்தை ஆங்கில எழுத்தில்தான் எனக்குக் கைபேசியில் அனுப்புகிறான். அவன் வாழ்வது மேடானில் இல்லை, குருகிராமில்.

பிறகு பினாங்கு. விமான நிலையத்திலிருந்து ஏறிய வாடகைக் காரின் ஓட்டுநர், "ஐயா, எந்த ஊரு? சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். 12 நாள் கழித்து வேற்று மனிதர் வாயிலிருந்து தமிழ். நாலாம் தலைமுறைக்காரர் அவர். தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்தவர். தமிழ்ச் செய்தித்தாள் வாசிக்கிறார்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? மேடானுக்கும் பினாங்குக்கும் நடுவே இருப்பது மலாக்கா நீரிணை மட்டும்தான். இரண்டு கரைக்கும் போனவர்கள் ஒரே மாதிரி ஏழைத் தொழிலாளிகள். இரண்டு கரையிலும் மாரியம்மன் உண்டு. மலேசியாவில் கூடுதலாக இருந்தது பள்ளிக்கூடம். பினாங்கில் 1816லேயே ஒரு பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. தோட்டப்புறத்தில் 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வெள்ளைக்காரத் துரைமார் தமிழ்ப் பற்றினால் அதைச் செய்யவில்லை. ஆட்கள் ஊர் திரும்பாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பல பள்ளிகள் வெறும் கொட்டகைதான். கங்காணியோ கணக்கப்பிள்ளையோ பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் அந்தக் கொட்டகையில் பிள்ளைகள் அ, ஆ எழுதினார்கள். இன்று அந்த நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன.

10 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி! நம் வகுப்பில் 11 பேர் இருக்கிறார்கள். லாபம் ஒன்றே குறியாக இருந்த தோட்ட முதலாளி மேல் சட்டம் சுமத்திய கடமையைக்கூட, தமிழ் வளர்க்க என்று பெயர் வைத்துக்கொண்ட நாம் சுமக்க மாட்டோமா?

சரி, பள்ளி இருந்தால் போதுமா? சிங்கப்பூரில் அதற்கும் பதில் கிடைத்தது. அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ரயில் நிலையத்தில் தமிழ்ப் பலகை; பள்ளியில் தாய்மொழிப் பாடம்; கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. ஓர் அரசாங்கம் மொழிக்கு என்னென்ன செய்ய முடியுமோ, பெரும்பாலும் செய்திருக்கிறது. ஆனால் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள், 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் நாங்கள் தங்கிய வீட்டில் ஒரு காரணத்தை நேரிலேயே பார்த்தேன்.

மனைவியின் தங்கை மகள் வீடு அது. அவளுடைய 12 வயதுப் பெண் தமிழ்த் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. என்னிடம், "தாத்தா, தாங்கள் எப்பொழுது திரும்புகிறீர்கள்?" என்று பாடப்புத்தகத் தமிழில் கேட்டாள். அடுத்த நொடி அம்மாவிடம் ஆங்கிலத்தில் திரும்பினாள். அம்மாவும் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். "ஏம்மா, நீயாவது தமிழில் பேசக்கூடாதா?" என்று கேட்டேன். "நேரம் ஏது பெரியப்பா? அதுதான் ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்களே" என்றாள். பள்ளி எழுத்தைக் கொடுக்கும். பேச்சை வீடுதான் கொடுக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் வண்டி ஒற்றைச் சக்கரத்தில் ஓடாது.

என் கருத்து இதுதான். கோயில் கட்டினால் கோயில் நிற்கும். பொங்கல் விழா நடத்தினால் பொங்கல் நிற்கும். இட்லியும் சாம்பாரும் நம் தயவில்லாமலேயே பிழைத்துக்கொள்ளும். மொழி மட்டும், ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவித்து, வீட்டில் அதனோடு பேசினால்தான் நிற்கும். நாம் செய்வதெல்லாம் முதல் மூன்று. நான்காவதை நிறுத்தத்தான் இப்போது தீர்மானம் கொண்டுவருகிறோம்.

சிலர் கேட்பார்கள்: டெல்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகள் இருக்கின்றனவே என்று. உண்மைதான், அதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நம் உறுப்பினர்களில் பலர் அங்கே பிள்ளைகளை அனுப்புவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் ஞாயிறு வகுப்பு. இணையத்தில் படிக்கலாமே என்பார்கள். படிக்கலாம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை தானாகக் கணினியைத் திறந்து தமிழ் படித்ததை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்தால்தான் படிக்கும். இந்தி வேண்டாமா, ஆங்கிலம் வேண்டாமா என்பார்கள். இரண்டும் வேண்டும். நமக்குச் சோறு போடும் ஊரின் மொழியைப் பழிப்பவன் நான் அல்லன். வாரத்தில் ஒன்றரை மணி நேரம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் தலைகுனிவேன். என் அம்மா மாயவரத்திலிருந்து வாரம் ஒரு இன்லேண்டு கடிதம் எழுதுவார். ஓரத்தில்கூட இடம் விடமாட்டார். ஏறக்குறைய 20 ஆண்டுக் கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஊர் திரும்பிய மறுநாள் அந்தப் பெட்டியைத் திறந்தேன். மகன் வந்திருந்தான். ஒரு கடிதத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். அவன் பிறந்தபோது அவனைப் பற்றிப் பாட்டி எழுதியது. "என்னப்பா எழுதியிருக்காங்க? படிச்சுச் சொல்லுங்க" என்றான். அவன் படிக்கிற வயதில், கணக்கு டியூஷனுக்கு நேரமாகிறது என்று தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தியவன் நான்தான். படித்துச் சொன்னேன். எனக்குப் பிறகு யார் படித்துச் சொல்வார்கள்?

அதனால் பொதுக்குழுவில் தீர்மானத்தை எதிர்க்கிறேன். வெறுமனே எதிர்க்கவில்லை. ஆசிரியைக்கு உதவியாக ஞாயிறுதோறும் நான் வந்து உட்காருகிறேன். ஓய்வு பெற்றவர்கள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் போதும். அறைக்கு வரவேண்டிய வாடகையை ஈடுகட்ட, உறுப்பினர் ஒவ்வொருவரும் சந்தாவோடு கொஞ்சம் கூடுதலாகத் தரலாம். என் பங்கை முதலில் கட்டிவிடுகிறேன். வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்திலாவது தமிழில் பேசுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பேரனை அடுத்த ஞாயிறு அழைத்துவருவதாக மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். வகுப்பு நடந்தால் 12 பேர்.