நாவலுக்கு அப்பால்

நாவலன்றிப் பிறிதொன்றைத் தீண்டாத அன்பர்கள் நம்மிடையே பலர். கதைச்சுவையை நாம் குறைகூறோம். ஆயினும் தன்வரலாறு என்றதும் ஏன் இத்துணைத் தயக்கம்?

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ எந்த நாவலுக்கு இளைத்தது? 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்ட ஐயரவர்கள், தாம் கற்ற நூல்களையெல்லாம் அடுக்குகிறார். முதலியாரோ அசையாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை! அவ்வொரு வினாவால் ஏடு தேடும் படலம் தொடங்கி, 1887-இல் சிந்தாமணி அச்சேறுகிறது. புலவர் நடை கடினமாயிருக்குமென அஞ்ச வேண்டா. ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்த எளிய நடைதான். 1942-இல் ஆசிரியர் மறையவே, முற்றுப்பெறாமல் நின்றது.

பிறமொழி நாட்டில் வளரும் நம் மக்களுக்குத் தமிழ்ப் பேச்சு உண்டு, படிப்புத்தான் தேய்கிறது. இரவில் ஓர் அத்தியாயம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். செல்லரித்த சுவடிகள் வரும் பகுதிகளில் உறங்கச் சொன்னாலும் அவர்கள் உறங்கார்.