பெரிய வாய்க்காலும் கரையோரக் கடைகளும்



புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியிருந்த பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்து ஓடுகிறது பெரிய வாய்க்கால். மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய அது, நகரின் சாக்கடையையும் குப்பையையும் சுமக்கிறது. சுத்தப்படுத்துவது என்றாலே கரையோர வியாபாரிகளுக்குக் கலக்கம் வருவது இயல்புதான். எடுத்த கடை திரும்பக் கிடைக்குமா? குபேர் அங்காடியை இடித்துக் கட்டும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தை வியாபாரிகள் எதிர்த்ததிலும் இந்தப் பிழைப்புக் கவலைதான் முன்னால் நின்றது. அதைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது அநியாயம்.

ஆனாலும் திருப்பூர் பட்ட பாட்டை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காக 1992இல் வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது என்று 2006இல் உத்தரவு வந்தது. சுத்திகரிப்புச் செலவு தாங்காது, தொழில் நசிந்துவிடும் என்று வாதாடியே சாயப்பட்டறைகள் காலம் கடத்தின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. முதலில் தெருவுக்கு வந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். பிறகு அதே சுத்திகரிப்பைச் செய்துதான் பட்டறைகள் மீண்டும் ஓடின. பின்னலாடை ஏற்றுமதியும் வளர்ந்தது.

புதுச்சேரியில் அந்த நிலை வரக்கூடாது. வேலை தொடங்கும் முன்பே மாற்று இடத்தையும் கடையைத் திருப்பித் தரும் தேதியையும் அரசு எழுத்தில் தரட்டும். வாய்க்காலில் கழிவை விடும் குழாய்களைப் பாதாளச் சாக்கடையில் இணைக்க வணிகர்களும் இப்போதே முன்வரட்டும்.

– வாசகர், புதுச்சேரி